அவன் உட்கார வேண்டிய மணை

என்னையும் அவனையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். அவன் ஆறடிக்கு மேல். கதவு நிலையைக் கண்டாலே தலை தானாகக் குனியும். கறுத்த உடம்பு, தடித்த மீசை, கரும்பு வெட்டும் கத்தி இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துவிட்டுப் போன தழும்பு. நான் அவன் தோளுக்கும் எட்ட மாட்டேன். வெளுத்த தோல், மூக்குக் கண்ணாடி, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனா. சங்கராபுரம் பேருந்தில் நான் ஏறினால் யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அவன் ஏறினால் பைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். இருவரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. பத்தாவதோடு அவன் நின்றுவிட்டான், நான் மேலே படித்தேன்.

இந்தப் பிள்ளை அந்த முரடனோடு எதற்குச் சுற்றுகிறது என்று ஊரே கேட்கும். என் அம்மாவே கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்லவன் என்று பெயர் வாங்க நான் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. அவன் பக்கத்தில் நின்றால் போதும்.

கிளை நூலகத்தில் ஒரு பழைய நாவல் இருந்தது. முன் பக்கங்கள் கிழிந்துபோனதால் தலைப்பும் தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது. அதில் இரண்டு நண்பர்கள். ஒருவன் கோயில் சிலை மாதிரி இருப்பான், இன்னொருவன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அப்போது என் நண்பன் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்புப் பாரத்தோடு வரிசையில் காத்துக் கிடக்கும் பகல்களில், வண்டி நிழலில் உட்கார்ந்து அவனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அழகா இருக்கறவன்தான் கவுத்துடுவான் பாரு."

"எப்பிட்றா சொல்ற?"

"தழும்புக்காரன எல்லாரும் மொதல்லேர்ந்தே சந்தேகப்பட்டுக்கினு இருக்காங்க. அவனால இன்னா பண்ண முடியும்? எவன யாரும் பாக்கலையோ அவன்தான் பண்ணுவான்."

நாவல் அப்படியேதான் முடிந்தது. படிக்காத பயல் எப்படிக் கண்டுபிடித்தான் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

பிறகு அவன் ஒரு குட்டியானை வாங்கினான். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் புளியும் ஏற்றி வந்து கள்ளக்குறிச்சியில் இறக்குவான். அப்படிப் போய் வருகிற நாளில் ஒரு முறை, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், பிரசவ வலி கண்ட பெண்ணை அந்த வண்டியில் படுக்க வைத்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு வளைவிலும் அவள் அலறியதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. "காது குத்தறப்ப எம்புள்ளைய மடியில வச்சிக்க ஆளில்லண்ணா, நீதான் வரணும்" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவன் அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன்.

அவளுடைய புகுந்த வீட்டாருக்கு இது பிடிக்கவில்லை. மலைக்குக் கீழே எங்கிருந்தோ வந்த கீழ்நாட்டான், பார்த்தால் ரவுடி, அவன் மடியிலா எங்கள் வீட்டுப் பிள்ளை என்று அவளுடைய மாமனார் குதித்தாராம். அவள் பிடிவாதமாக நின்றாள். தன் சொந்தத்தில் யாருக்கும் மாமன் சீர் செய்ய வழியில்லாமல் இருந்த அவன், அந்தக் காதுகுத்துக்காக மூன்று மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மயில் கழுத்து நிறத்தில் குட்டிச் சட்டை, ஒரு ஜோடி தங்கக் கம்மல், வரிசைத் தட்டுகள், வாழைப்பழம், பூ எல்லாம் அவனே பார்த்துப் பார்த்து வாங்கினான். என்னிடம் விட்டது ஒன்றுதான்.

"தட்டுல வைக்க உருண்ட வெல்லம், பந்திக்குப் பொங்கல் வைக்க முப்பது கிலோ. நல்லதா பாத்து வாங்கிட்றா. ஒனக்குத்தான் கடைக்காரன்கிட்ட பேசத் தெரியும்."

இங்கே ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் மலைக்கு வெல்லம் கொண்டுபோவது சாதாரணக் காரியம் இல்லை. மலையில் சாராய ஊறலுக்கு வெல்லம்தான் மூலப்பொருள். அந்தச் சமயம் கெடுபிடி ஜாஸ்தி. மூட்டையாக வெல்லம் கேட்டால் கடையில் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிக்கொள்வார்கள். எனக்கோ ஐந்தாவது முறை எழுதிய அரசுத் தேர்வில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. இளநிலை உதவியாளர். ஆணை கைக்கு வருவதற்கு முன்னால் காவல்துறை சரிபார்ப்பு நடக்க வேண்டும். அந்த மாதத்தில் என் பெயர் எந்த நோட்டிலும் ஏறக் கூடாது என்று நான் பயந்து பயந்து வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அதனால் நான் கடையில் மூட்டையாகக் கேட்கவில்லை. தட்டுக்கு மட்டும் அங்கே ஒரு கிலோ உருண்டை வெல்லம் வாங்கினேன். மூட்டைக்கு ரிஷிவந்தியம் போகிற சாலையில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்றுக்குப் போனேன். பெயர் கேட்கமாட்டார்கள். அங்கே மிச்சம் இருந்தது கறுத்து இளகிப்போன கழிவு வெல்லம்தான். பொங்கலில் கரைந்துவிட்டால் நிறம் யாருக்குத் தெரியும் என்று முப்பது கிலோவைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து அவன் வண்டியில் போட்டேன். சாராயம் காய்ச்சுகிறவர்கள் தேடி வாங்குவது அந்தக் கறுப்பு வெல்லத்தைத்தான் என்பது இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் எனக்கு என் பெயரைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அவன் சாக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் வாங்கியதை அவன் எதற்குப் பிரிக்கப் போகிறான்?

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒன்பதரைக்குள் காது குத்திவிட வேண்டும். அவன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். அது அவனுக்குப் பொருந்தவில்லை. சினிமாவில் வரும் கட்டப்பஞ்சாயத்துக்காரன் மாதிரி இருக்கிறாய் என்றேன். "இன்னாடா இப்பிடி சொல்ற, வூட்ல கண்ணாடில பாத்தேன், நல்லாத்தானே இருந்துச்சு" என்று வழி முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தான்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு காவலர் பின்னால் ஏறித் தட்டுகளைத் தள்ளிவிட்டுச் சாக்கை அவிழ்த்தார். அவர் குனிந்த மாதிரியே நின்றதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு விசில் கேட்டது. உதவி ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். சாக்குக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து மோந்தார்.

"யோவ், எறங்குய்யா கீழ."

அவன் இறங்கினான். நானும் கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, "நீங்க இருங்க சார்" என்றார். என்னை யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. என் கண்ணாடியும் திருநீறும் எனக்காகப் பேசிவிட்டன.

"யாருதுய்யா இந்த மூட்ட?"

அவன் சாக்கைப் பார்த்தான். அப்போதுதான் அவனே அந்தக் கறுப்பு வெல்லத்தைப் பார்க்கிறான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. அவன் பார்த்தது கணக்குப் போடத் தெரியாத பையன் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பது போல இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. என் சரிபார்ப்பு என்றைக்கு, எந்தக் காவல் நிலையத்திலிருந்து வருவார்கள் என்பதெல்லாம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வேலை கிடைத்த செய்திக்குத் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தவன் அவன்தான்.

"என்னுதுதாங்க."

"எங்க வாங்குன?"

அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவே இல்லையே. நான் கொட்டகையின் இடத்தைச் சொல்லியிருந்தால், அவர்கள் ஒரு போன் போட்டு விசாரித்திருப்பார்கள், யார் வாங்கினார் என்பதும் வெளியே வந்திருக்கும். நான் நான்கடி தூரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். நான் சட்டைப் பையில் பேனாவைச் சரியாகச் செருகிக்கொண்டேன்.

"சந்தைலங்க" என்றான்.

"சந்தைல விக்கிற வெல்லமாய்யா இது? எனக்கே கத விடறியா?" அவர் குரல் ஏறியது. "இவரு யாரு?"

"அவரு வழியில ஏறினாருங்க. அவருக்கும் மூட்டைக்கும் சம்பந்தம் இல்ல. அந்தத் தட்டு, பை எல்லாம் அவருதுங்க. மேல காதுகுத்துக்குப் போறாரு."

இருபது ஆண்டுப் பழக்கத்தில் அவன் என்னை 'அவரு' என்று சொன்னது அன்றுதான். உதவி ஆய்வாளர் தட்டுகளைப் பார்த்தார்.

"யாருக்குக் காதுகுத்து?"

"அவரு தங்கச்சி புள்ளைக்குங்க" என்றான் அவன்.

உதவி ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. "ஆமாங்க" என்றேன். தெளிவாக, நல்ல குரலில் சொன்னேன். பதற்றம்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

வெள்ளிமலைப் பேருந்து வந்தபோது காவலரே தட்டுகளை ஏற்றி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். பேருந்து கிளம்புகிற நேரத்தில் அவன் சட்டைப் பையிலிருந்து கம்மல் டப்பாவை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான். "சார், நீங்க குடுத்து வச்ச பொட்டி. மறந்துட்டுப் போறீங்க." அவன் விரல்கள் என் கையை ஒரு கணம் அழுத்தின. பிறகு அவனைத் தோளைப் பிடித்துச் சாவடிக்குள் கூட்டிப்போனார்கள். அந்த நிலைப்படியிலும் அவன் தலையைக் குனிந்துதான் போனான்.

மலை ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கி நடந்து போய், மூட்டை என்னுது என்று சொன்னால் என்ன ஆகும்? ஐந்து தேர்வு, ஒன்பது வருடம், அம்மாவின் முகம். அடுத்த வளைவில் இறங்கலாம். அடுத்ததில். இப்படியே மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன். கோழை என்றால் ஓடிப்போகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஒன்பது மணி தாண்டிவிட்டது. காது குத்தும் பத்தர் ஊசியோடு தயாராக இருந்தார். மணை போட்டிருந்தது, அதில் யாரும் இல்லை. அவளுடைய மாமனார் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "எங்க அந்தத் தடியன்?"

"வண்டி ரிப்பேர்" என்றேன்.

"நான்தான் அப்பவே சொன்னனே. மூஞ்சப் பாத்தாலே தெரியல? நேரத்துக்கு வந்து நிக்கிற ஆளா அது?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நான்கு பேர் தலையாட்டினார்கள். நான் வரிசைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுக்க வேண்டியவன் அங்கே நான் ஒருவன்தான். நானும் பேசவில்லை.

அவள் உள்ளேயிருந்து குழந்தையோடு வந்தாள். அவள் கேட்கப் போகிற கேள்விக்கு நான் வழி முழுக்கப் பொய் தயாரித்து வைத்திருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. "நேரமாவுது, நீங்க ஒக்காருங்கண்ணா" என்று மணையைக் காட்டினாள். தப்பித்தேன் என்றுதான் தோன்றியது. மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவரு ஒக்காரட்டும். படிச்சவரு, பாந்தமா இருக்காரு."

மொட்டை அடித்த அந்தச் சின்னத் தலையை என் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். பத்தர் குத்தினார். குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோரும் என் மேல் அட்சதை போட்டார்கள்.

அவன் மேல் பெரிய வழக்குப் போடவில்லை. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வண்டி திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. பெயர் மட்டும் நிலையத்து நோட்டில் ஏறிவிட்டது. அதன்பின் எங்கள் பக்கம் எந்தத் திருவிழா வந்தாலும் அவனை நிலையத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அவனுக்குப் பெண் கொடுக்க முடிவு செய்திருந்த வீட்டார் விசாரித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். என் சரிபார்ப்பு அரை மணி நேரத்தில் முடிந்தது. வந்த காவலர் டீ குடித்துவிட்டு, உங்களை மாதிரி ஆளுக்கெல்லாம் இது வெறும் சம்பிரதாயம் சார் என்றார்.

விடுதலையான அன்று அவனைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "புள்ள அழுதுச்சா?" என்று கேட்டான். அழுதது என்றேன். "ரொம்பவா?" என்றான். அதற்கு மேல் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்காததைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் எடுக்கவில்லை. நான்கு ஆண்டுகள் இப்படிப் போயின. மலையில் விசேஷம் என்றால் இருவரும் போவோம். எனக்கு முதல் இலை. அவன் பின்பக்கம் விறகு பிளந்து, அண்டா தூக்கி, கடைசிப் பந்தியில் சாப்பிடுவான். குழந்தை என்னை மாமா என்று கூப்பிடும். அவனை வண்டிக்காரர் என்று கூப்பிடும்.

இந்த ஆண்டு அவளுடைய இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. பந்தலில் மணையைப் போட்டுவிட்டு அவளுடைய மாமனார் என் கையைப் பிடித்தார். "மூத்ததுக்கு ஒக்காந்த மாமன்தான் இதுக்கும். வாங்க தம்பி."

அவன் கொல்லைப் பக்கத்திலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்து கொண்டிருந்தான். அவர் சொன்னது காதில் விழுந்ததும் ஒரு நொடி நின்று, பிறகு குடத்தை இறக்கி வைக்கக் குனிந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"நான் உக்காரக் கூடாதுங்க" என்றேன். "அன்னிக்கு வண்டி ரிப்பேர் ஆகல. அவன போலீஸ் புடிச்சு வச்சிருந்தாங்க. அந்த வெல்லம் நான் வாங்கினது. அவன் எனக்காக ஏத்துக்கினான். நான் பாத்துக்கினே இருந்துட்டு பஸ் ஏறி வந்து இந்த மணையில உக்காந்தேன்."

பெரியவர் என் கையை விட்டார். அவன் வேகமாக வந்தான். அத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக அவன் என் மேல் கோபப்பட்டதைப் பார்த்தேன். "ஏண்டா இப்ப இதச் சொல்ற? இத்தினி பேரு முன்னாடி? ஆபீஸ்ல வேல பாக்கறவன், அறிவில்ல ஒனக்கு?"

"வுடுண்ணா" என்றாள் அவள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே அண்ணன் போன் பண்ணிச்சு. போலீஸ்காரங்ககிட்ட கெஞ்சி ஒரே ஒரு போன் பேசுச்சாம். என்னால வர முடியாது, நம்ம ஆளு வர்றான், மணையில அவன ஒக்கார வச்சிடு, எதுவும் கேட்டுடாதன்னு சொல்லிச்சு. நான் அழுதேன். அதுக்கு, அவன் பயந்தவன்மா, கெட்டவன் இல்லன்னுச்சு."

அந்தச் சாவடிக்குள் கிடைத்த ஒரே ஒரு அழைப்பை அவன் எனக்காகச் செலவழித்திருக்கிறான். நான் பொய் சொல்ல நேரக் கூடாது என்பதற்காக. என் ரகசியம் என்று நான் நான்கு ஆண்டுகள் கட்டிக் காத்தது அந்த இரண்டு பேர் எனக்கு இட்ட பிச்சை. முதல் இலையை அவள் தெரியாமல் போடவில்லை, தெரிந்தே போட்டிருக்கிறாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன்.

பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மணையை ஒரு முறை துடைத்தார். "வாப்பா, நேரமாவுது" என்றார் அவனைப் பார்த்து.

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டான். உட்கார்ந்ததும் மணை அவனுக்கு அடியில் காணாமல் போய்விட்டது. அவள் குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவன் ஒரு கையே அந்த மொட்டைத் தலை முழுவதையும் மூடியது. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டியிருந்தது, நான் எடுத்துக்கொண்டேன். பத்தர் ஊசியை எடுத்தபோது அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கடா. ரத்தம் பாத்தா ஒனக்கு ஆவாது."

நான் திரும்பாமல் நின்றேன்.